பின்னால் யாரும் வரவில்லை என்று சொன்னவள்

பக்கவாதம் வந்துபோன பிறகு அப்பாவிடம் மிஞ்சியவை நான்கே சொற்கள். ரைட், ஹோல்டான், டிக்கெட், எறங்கு. இருபத்தெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்த மனுஷனுக்கு வேறென்ன மிஞ்சும் என்பாள் அம்மா. அவள் பெயர் போய்விட்டது, என் பெயர் போய்விட்டது, சோறும் தண்ணீரும்கூடப் போய்விட்டன. நாக்கு யோசிக்காமல் சொல்லிப் பழகிய சொற்கள்தான் தங்கும் என்று வேலூரில் பார்த்த டாக்டர் விளக்கினார். எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கொடுத்த வாயில் எங்களுக்கும் இரண்டு சொல் மீதி வைத்திருக்கக் கூடாதா என்று கோபம்தான் வந்தது.

அம்மா சீக்கிரம் பழகிக்கொண்டாள். "டிக்கெட்" என்று இழுத்தால் பசி. "எறங்கு" என்றால் கொல்லைப்பக்கம் கூட்டிப்போக வேண்டும். "ஹோல்டான்" என்றால் வலி, அல்லது இட்லி போதும். "ரைட்" என்றால் எல்லாம் சரி. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவ்வளவு தெளிவாக இவர் என்னிடம் பேசியதே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்துவிட்டு, உள்ளே வந்து தையல் மிஷின் முன் உட்கார்ந்து மூக்கைச் சிந்துவாள்.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குத் தொளதொளவென்று பருத்திக் கால்சட்டை வீட்டில் தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அம்மாவின் தொழில். ஒரு இங்கிலாந்துக்கார அம்மாள் தன் மகனோடு ஒரு வருஷம் அங்கே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தாய் தியானத்துக்குப் போய்விட, பையன் அறைக்குள் டிவி கேம் ஆடிக்கொண்டிருப்பான். ஊருக்குக் கிளம்பும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாததையெல்லாம் பிடித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மாவுக்கு ஒரு பை வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கேம் பெட்டி, இரண்டு ரிமோட், ஒரு கிரிக்கெட் சிடி. அம்மா அதை ஏதோ சிடி பிளேயர் என்று நினைத்து வாங்கிவந்து, பாட்டு வரவில்லை என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நான் அப்போதுதான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லீவில் வந்தபோது பெட்டியை எடுத்து டிவியில் மாட்டி, அப்பா கட்டிலில் படுத்திருக்க, தரையில் உட்கார்ந்து ஆடினேன். மூன்றாவது பந்தில் என் ஆள் ஸ்டம்பு எகிறிப் போனான். பின்னாலிருந்து "எறங்கு" என்று சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் முதல் தடவையாக ஒரு சொல் அதன் இடத்தில் போய் விழுந்திருந்தது. நான் ரிமோட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

வலது கைதான் செயலிழந்திருந்தது. அதற்கென்று டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அப்பா தெருநாய்மேல் எறிந்து தொலைத்திருந்தார். ரிமோட்டைத் தொலைக்கவில்லை. இடது கட்டை விரல் அம்புக்குறிகளின்மேல், வலது கட்டை விரல் ஒரே ஒரு பொத்தானின்மேல். பந்து வரும்போது அழுத்தினால் போதும், மட்டை சுழலும். அந்த ஒரு அழுத்தலுக்கு ஒரு மாதம் ஆயிற்று. பிறகு விரல் அழுத்தியது. டாக்டர் அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பந்தெல்லாம் விடுங்க, இதையே ஆடட்டும்"னு சொன்னதாக அம்மா போனில் நாலு தடவை சொன்னாள்.

ஆயுத பூஜைக்கு அம்மா தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு கேம் பெட்டிக்கும் வைத்தாள். மேலே வைத்திருந்தால் பரவாயில்லை. பெட்டிக்கு முகம் எது என்று தேடி, மூடியைத் திறந்து, உள்ளே கண் மாதிரி மினுங்கிய லென்சில் சந்தனம் தடவி அதன்மேல் குங்குமமும் வைத்துவிட்டாள். டிப்போவில் அப்பாவின் பஸ்ஸுக்கு முன்கண்ணாடியில் பொட்டு வைப்பதைப் பார்த்துப் பழகியவள், வேறு எப்படிச் செய்வாள். பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சிடியைப் படிக்கும். கவிழ்ந்த பெட்டியோடுதான் அப்பா எல்லா மேட்சும் ஆடினார்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு கம்பெனிகள் செய்கிற கேம்களில் பிழை பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ் அது. நாளெல்லாம் ஆடுவதுதான் வேலை என்று சொன்னால் எல்லோருக்கும் பொறாமை. ஒரே சுவரில் முன்னூறு தடவை முட்டிப் பார்ப்பதை யாரும் ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள். அதிர்ஷ்டமோ வேறு எதுவோ, வருஷா வருஷம் புது அணிகளோடு வரும் ஒரு கிரிக்கெட் கேம் எங்கள் குழுவுக்கு வந்தது. அதைப் புதுப் பெட்டிக்கும் பழைய பெட்டிக்குமாக இரண்டு விதமாகச் செய்வார்கள். பழைய பெட்டிக்கானது என் பங்கு. பகலில் அதில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கினேன். அது வெளியானதும் அதன் நகலைத் தெருவில் வாங்கி, கார்த்திகை தீபத்துக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவுக்குக் கொண்டுபோனேன். சரியில்லைதான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

தீபத்தன்று பஸ் எதுவும் ஊருக்குள் வராது. வெளியே தற்காலிக பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவந்து வீட்டுக்குள் நுழைந்தால், அப்பா என் முகத்தைப் பார்க்க மாட்டார், பையைத்தான் பார்ப்பார். "டிக்கெட்?" என்பார். டிவியில் புதிதாக ஒரு ஆட்டக்காரனைப் பார்த்தாலும் அதே கேள்விதான். அவனைக் காட்டுவார், பிறகு பெட்டியைக் காட்டுவார். இவன் நம்ம பஸ்ஸில் ஏறிவிட்டானா என்று அர்த்தம்.

முதல் தீபத்துக்கு நான் கொண்டுபோன சிடியில்தான் அது நடந்தது. ஒவ்வொரு ஆளும் மட்டையோடு இறங்கும்போது திரையில் கீழே அவன் பெயர் வரும். அம்மா அதை ஒரு தடவை படிப்பாள், அப்பா வாயை அசைப்பார். பொங்கலுக்குள் ஒரு பெயர் வெளியே வந்துவிட்டது. முழுசாக, இனிஷியலோடு. அம்மா கத்திரிக்கோலைக் கீழே போட்டாளாம்.

"என் பேரு வரல. எவனோ ஒருத்தன் பேரு வருது. கட்டிக்கிட்டவ இங்க குந்தினுகீறேன், இவரு அவனக் கூப்புடுறாரு"னு போனில் அழுதாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பழைய ஆட்டக்காரர்களின் பெயர்கள் திரும்பி வரவேயில்லை. அவர்களைப் பக்கவாதத்துக்கு முன்பே அப்பாவுக்குத் தெரியும், அந்த அறை பூட்டிக்கொண்டது போலிருக்கிறது. பின்னால் வந்த புதுப் பையன்களின் பெயர்கள்தான் ஒட்டின. அதுவும் டிவியில் மட்டும் கேட்டால் ஒட்டாது. அந்தப் பையனை அவரே விரலால் அழுத்தி நாலு ரன் ஓடவைத்தால்தான் ஒட்டும். ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. முதல் வருஷ சிடியில் மூன்று பெயர், இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு. பழைய நான்கையும் சேர்த்தால் அப்பாவிடம் பதின்மூன்று சொற்கள். அடுத்த சிடியில் இன்னும் நான்கு வரும், போகப்போக ஒரு நாள் எங்கள் பெயரும் வரும் என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன்.

ஆபீசில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. பழைய பெட்டிக்கான கேம் வருஷத்துக்கு வருஷம் கேவலமாகிக்கொண்டே வந்தது. பார்வையாளர்கள் வெறும் வர்ணம் பூசிய தகடு. அம்பயருக்குக் கையில் விரல்களே கிடையாது, அவுட் கொடுக்க மொட்டைக் கையைத் தூக்குவார். நான் பிடித்துக் கொடுத்த பிழைகளைத் திருத்த அங்கே ஆட்களும் கம்மி. எங்கள் குழுத் தலைவர் நல்ல மனிதர், கத்திப் பேசாதவர். அவர் ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் சொன்னார்: "ரெண்டு பெட்டிக்கும் ஒண்ணா செய்யணும்னா, பழசால எது முடியுமோ அதுக்குள்ளதான் புதுசையும் யோசிக்கணும். புதுசு வாங்குனவன் காசு குடுத்துட்டு பாதி கேம்தான் ஆடுறான். அவன் இன்னா பாவம் பண்ணான்?"

நான் தலையாட்டினேன். ஒப்புக்குத் தலையாட்டியதாகச் சொன்னால் பொய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இன்றைக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. பழைய பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தால் புதிதாக எதுவும் செய்ய முடியாது. அந்த மொட்டைக் கை அம்பயரை மூன்று மாதம் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு அது புரியும்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டிலிருந்து ஒரு படிவம் எல்லோருக்கும் மெயிலில் வந்தது. ஆடிய கேம் எப்படி, எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகள். கடைசிக் கேள்வி இது: உங்கள் வீட்டிலோ உங்களுக்குத் தெரிந்தவர்களிடமோ பழைய பெட்டியில் இன்னும் ஆடுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?

பக்கத்து நாற்காலிப் பெண் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள். "இத இன்னும் எவன்பா வெச்சிருப்பான்? ஏதாவது பட்டிக்காட்டுல பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சேர்ந்த புதிதில் அவள் என்னிடம் திருவண்ணாமலையில் எங்கே என்று கேட்டபோது, ஆசிரமம் பக்கம் என்று சொல்லியிருந்தேன். எங்கள் வீடு ஆசிரமத்துப் பக்கமே கிடையாது, பஸ் டிப்போவுக்குப் பின்னால். அப்பா என்ன செய்கிறார் என்றதற்கு, போக்குவரத்துத் துறை, இப்போது ரிட்டயர்டு என்று சொல்லியிருந்தேன். அப்படிச் சொல்லி வைத்தவள், சந்தனம் தடவிக் கவிழ்த்து வைத்த பெட்டியில் பதின்மூன்றே சொல் பேசும் ஒருவர் ஆடுகிறார் என்று எப்படிச் சொல்வேன். படிவத்தை அவளுக்குக் காட்டியிருக்க வேண்டியதே இல்லை. ஆனாலும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் இல்லை என்ற கட்டத்தை அழுத்தி அனுப்பிவிட்டேன்.

அப்பாவை மறந்துபோய் அழுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. அந்த ஒரு நொடியில் எனக்கு அவர் முகம் ஞாபகத்துக்கு வந்தது, வந்த பிறகுதான் அழுத்தினேன்.

இதே பதிலை அதற்கு முன்பும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் தனி மாவட்டமான வருஷம் நான் மூன்றாவது படித்தேன். அதற்குப் பிறகு ஆபீஸ்கள் வந்தன, பஸ்கள் ஜாஸ்தியாயின, நேரத்துக்குப் பஸ்ஸை எடுக்க வேண்டும் என்ற கெடுபிடியும் வந்தது. அப்பாவுக்கு அப்போது அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களுக்குப் போய்த் திரும்பும் டவுன் பஸ். கூட்டத்தில் நின்று டிக்கெட் கிழிப்பவருக்குப் பின்பக்கம் தெரியாது. அதனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கடைசி சீட்டில் இருப்பவர்களைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?" அவர்கள் எட்டிப் பார்த்து "யாரும் இல்ல, போலாம்" என்றால் விசில் ஊதுவார். எல்லாக் கண்டக்டரும் செய்கிற வேலைதான்.

நான் எட்டாவது படித்தபோது, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். சும்மா ஊர் சுற்ற அப்பாவின் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் கதைப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். டவுனுக்குத் திரும்பும்போது உள்கிராமத்து நிறுத்தம் ஒன்றில் அப்பா கேட்டார். கடைசி சீட்டில் இருந்தது நான்தான். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "யாரும் இல்லப்பா" என்றேன். விசில் ஊதினார், பஸ் கிளம்பிவிட்டது.

ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தாளாம். சீருடையில், கையில் பரீட்சை அட்டையோடு. அன்றைக்குக் கணக்குப் பரீட்சை, மையம் டவுனில். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம். அவள் ஓட்டமும் நடையுமாக மெயின் ரோட்டுக்கு வந்து எதையோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கதவை மூடிவிட்டார்கள். சாயந்தரம் அதே நிறுத்தத்தில் அவளுடைய அப்பா நின்று பஸ்ஸை மறித்தார். வாய்க்கு வந்தபடி பேசினார். நான் வீட்டுக்குப் போகாமல் அப்பாவோடு எல்லா நடையும் சுற்றிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் கேட்டேன். அப்பா என் பக்கம் கையைக் காட்டவில்லை, பார்க்கக்கூட இல்லை.

"தப்பு என்னுதுதாங்க. விசில் ஊதுனவன் நான்"னு மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு, பார்க்காமலேதான் சொன்னேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்மா. நீ புக்குலருந்து தலையவே தூக்கல. உன்னக் கேட்டுட்டுத் திரும்பிப் பாக்காம ஊதுனேன் பாரு, அதான் தப்பு. போய் சாப்புடு."

அந்தப் பெண் பிறகு துணைத் தேர்வில் கணக்கை எழுதித் தேறினாள் என்று அப்பா விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவர் யாரையும் கேட்பதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின் படிக்கட்டுவரை போய், தலையை வெளியே நீட்டி, தானே பார்த்த பிறகுதான் விசில். நடைக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகும். உள்ளே இருப்பவர்கள் திட்டுவார்கள், டிப்போவில் மெமோ கொடுப்பார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பின்னால் ஒருவர் ஓடிவருகிறார் என்பதற்காக அறுபது பேர் வெயிலில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது? அப்பாவும் எல்லோருக்காகவும் நிற்கவில்லை, தூரத்தில் வருகிறவர்களை விட்டுவிட்டு ஊதியதும் உண்டு. விட்டுவிட்டுப் போவதாக இருந்தாலும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

நான்காவது தீபம் வந்தது, சிடி வரவில்லை. பழைய பெட்டிக்கு இனிமேல் கிடையாது, புதுசுக்கு மட்டும்தான் என்று ஆபீசில் முன்பே சொல்லிவிட்டார்கள். பழைய பெட்டி வேலை போனதில் எனக்குப் புதுப் பெட்டிக்கு மாற்றம் கிடைத்தது. அதற்காகக் கேக் வெட்டினோம், நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். தீபத்தன்று வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா என் பையைப் பார்த்தார்.

"டிக்கெட்?"

"இன்னும் கடைக்கு வரலப்பா. அடுத்த மாசம் வந்துரும்" என்றேன்.

அவர் "ரைட்" என்றார். நான் சொன்னதை நம்பினார்.

அடுத்த மாதம் அம்மா போனில் சொன்னாள், தினமும் வாசலைப் பார்த்துக் கேட்கிறார் என்று. டிவியில் புதிதாக ஒரு வேகப்பந்துக்காரன் வந்திருந்தான். அவனைக் காட்டிக் காட்டி, பெட்டியைக் காட்டிக் காட்டி, கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

பொங்கலுக்குப் புதுப் பெட்டியே வாங்கிக்கொண்டு போனேன். கறுப்பு நிறம், மெலிசு, பார்க்க அழகு. அதோடு அந்த வருஷ கிரிக்கெட் சிடி, இந்த முறை கடையில் வாங்கிய அசல். அப்பா பெட்டியைத் தடவிப் பார்த்தார். அம்மா பொட்டு வைக்க வந்தவளைத் தடுத்து நிறுத்தினேன். ஆட்டம் ஆரம்பித்தது. இந்தப் புது ரிமோட்டில் ஒரு சின்னக் குமிழை வலது கட்டை விரலால் சுழற்றி, எந்தப் பக்கம் அடிக்க வேண்டுமோ அந்தப் பக்கம் தள்ள வேண்டும். அழுத்த மட்டும் ஒரு மாதம் கற்றுக்கொண்ட விரல் அது. அதற்குச் சுழலத் தெரியாது. அவருடைய ஆட்கள் வரிசையாக ஸ்டம்பைப் பறிகொடுத்து வெளியேறினார்கள். புதுப் பெயர்கள் திரையில் வந்து, அம்மா படித்து முடிப்பதற்குள் போய்விட்டன. அப்பா அரை மணி நேரம் முயன்றார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பிறகு ரிமோட்டை என் மடியில் வைத்து, "எறங்கு" என்றார்.

பழைய சிடிகளையாவது இதில் போடலாம் என்று பார்த்தால், பெயர் கொடுத்த மூன்றுமே தெருவில் வாங்கிய நகல், புதுப் பெட்டி ஒன்றையும் ஏற்கவில்லை. அதைப் பீரோவுக்குமேல் ஏற்றி வைத்தோம்.

அதற்குப் பிறகு அவர் பழைய பெட்டியையும் தொடவில்லை. விரல் மறுபடி மடங்க ஆரம்பித்தது. சித்திரையில் அம்மா போன் செய்தாள். "நேத்து சும்மா பேரு சொல்ல வெச்சிப் பாத்தேன்மா. ஒம்போதுல அஞ்சுதான் வருது. மீதிக்கு வாயத் தொறக்குறாரு, காத்துதான் வருது."

மறுநாள் தலைவரின் அறைக்குப் போனேன். அந்தப் படிவத்தில் தப்பாக எழுதிவிட்டேன், எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், இப்போது மாற்றிச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அது போன வருஷமே முடிஞ்சிபோச்சும்மா. நீ ஆமான்னு போட்டிருந்தாலும் நிறுத்திதான் இருப்பாங்க. ஒரு ஆளுக்காகச் செய்வாங்களா?"

"ஒரு ஆள்தான்னு எப்படித் தெரியும் சார்? அந்தக் கேள்விக்கு நம்ம குழுவுல எத்தனை பேரு நிஜத்தச் சொன்னாங்க?"

அவர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, அவர் மாமனார் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருக்கிறது, அவருடைய சின்ன மகன் அங்கே போனால் ஆடுவான் என்று சொன்னார். அவரும் இல்லை என்றுதான் போட்டிருக்கிறார். அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை, பயமாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து அம்மா கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த மாசம் வரும் என்றது பொய், இனிமேல் வரவே வராது. இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள், யாரும் இல்லை என்று நான்தான் எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் சொன்னேன். அவரைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டேன் என்பதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் எதிர்பார்த்தது என்ன என்பது மட்டும் தெரியும். "விசில் ஊதுனவங்க தப்பும்மா, போய் சாப்புடு" என்று அவர் சொல்ல வேண்டும். எட்டாவது படித்த பெண்ணுக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும். அந்தச் சொற்கள் எதுவும் அவரிடம் இப்போது கிடையாது. என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் கட்டிலுக்கு அடியில் காட்டினார்.

பழைய பெட்டியை இழுத்து, தூசி தட்டி, கவிழ்த்து வைத்து, மூன்றாம் வருஷ சிடியைப் போட்டேன். நாலாவது தடவையில் படித்தது. வலது கட்டை விரலைப் பிடித்துப் பொத்தானின்மேல் வைத்துவிட்டேன். அவருடைய ஆள் மட்டையோடு இறங்கி நின்றான். பந்துவீசுகிறவன் தயாராக நின்றான். அப்பா அழுத்தினால் ஓடிவருவான்.

அவர் அழுத்தவில்லை. தோள் இறுகிப்போனதால் அவருக்குக் கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது, உடம்போடு சேர்த்துத்தான் திருப்ப வேண்டும். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பின்பக்கம் பார்த்தார். "ஹோல்டான்" என்றார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தாள். அவள் வந்து தரையில் உட்காரும்வரை அப்படியே இருந்தார். உட்கார்ந்த பிறகும் அந்தக் கதவை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அதைத் தானே பார்த்து முடித்துக்கொண்டு, அதே மாதிரி மெதுவாகத் திரையின் பக்கம் திரும்பி, "ரைட்" என்றார்.

நான் கையெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கழுத்து நன்றாகத் திரும்புகிறவள். அவர் என்னிடம் கேட்கவில்லை.